ரெடிட்டிலிருந்து லெம்மிக்கு: 2023இல் கிளம்பியவர்களில் நிலைத்தவர்கள் யார்?

2023 மே 31 அன்று, ரெடிட்டைப் படிப்பதற்கான அப்போலோ என்ற ஐபோன் ஆப்பை உருவாக்கி நடத்திவந்த கிறிஸ்டியன் செலிக் ரெடிட்டில் ஒரு பதிவு போட்டார். ரெடிட் தன் ஏபிஐக்கு, அதாவது வெளி ஆப்கள் அதன் பதிவுகளை எடுத்துக் காட்டும் வழிக்கு, வைத்திருந்த புதிய விலை அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது: 5 கோடி கோரிக்கைகளுக்கு 12,000 டாலர். அப்போலோ அதற்கு முந்தைய மாதம் அனுப்பியிருந்த கோரிக்கைகள் 700 கோடி. பெருக்கிப் பார்த்தால் மாதம் சுமார் 17 லட்சம் டாலர், வருடத்துக்கு 2 கோடி. ஒரு சின்ன ஆப்பால் அதைக் கட்ட முடியாது. ஜூன் 30ஆம் தேதியோடு மூடுகிறேன் என்று சில நாட்களில் அறிவித்துவிட்டார். சிங்க், ரிஃப் போன்ற ஆண்ட்ராய்டு ஆப்களும் அதே முடிவுக்கு வந்தன.

வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு விலைத் தகராறு. ரெடிட்காரர்களுக்கு அது ஏன் அவ்வளவு வலித்தது என்று புரிய, அந்தத் தளம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2005இல் ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்சிஸ் ஒஹானியனும் தொடங்கிய ரெடிட்டில் இருப்பவை எல்லாம் குழுக்கள்தான். ஒவ்வொரு குழுவுக்கும் விதி எழுதுவது, குப்பையை நீக்குவது, சண்டையைத் தீர்ப்பது எல்லாமே சம்பளம் வாங்காத மாடரேட்டர்களின் வேலை. மொபைலில் ரெடிட்டைப் படிக்க வழி செய்தவர்களும் முதலில் வெளியாட்கள்தான். ஏலியன் புளூ என்ற வெளி ஆப்பை 2014இல் நிறுவனம் வாங்கியது. சொந்த ஆப் வந்தது 2016இல். ஆக, தளத்தை வளர்த்த இரண்டு தரப்புமே நிறுவனத்துக்கு வெளியே இருந்தன. இரண்டுக்கும் 2023இல் ஒரே நேரத்தில் கதவு சாத்தப்பட்டது.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவு மாடல்களைப் பயிற்றுவிக்கும் பெரிய நிறுவனங்கள் ரெடிட்டின் உரையாடல்களை இலவசமாக அள்ளிக்கொண்டு போகின்றன, அதற்குக் காசு வேண்டும் என்றார் தலைமை நிர்வாகி ஹஃப்மன். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. பங்குச்சந்தைக்குப் போகும் திட்டமும் கூடவே இருந்தது. 2024 பிப்ரவரியில் கூகுளோடு வருடத்துக்குச் சுமார் 6 கோடி டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்தது, மார்ச்சில் பங்கு 34 டாலர் விலையில் வெளியானது. ஆனால் அந்த உரையாடல்களை எழுதியவர்களும், அவற்றைப் பல வருடம் சுத்தமாக வைத்திருந்தவர்களும் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

ஜூன் 12 அன்று சுமார் 8,000 குழுக்கள் தங்களைப் பூட்டிக்கொண்டன. அத்தனை குழுக்கள் ஒரே நேரத்தில் மூடியதில் தளமே சிறிது நேரம் படுத்துவிட்டது. எல்லாக் கொந்தளிப்பும் போல இதுவும் கடந்துபோகும் என்று ஹஃப்மன் ஊழியர்களுக்கு எழுதினார். மாடரேட்டர்களைப் பரம்பரை ஜமீன்தார்களோடு ஒப்பிட்டு ஒரு பேட்டியும் கொடுத்தார். பூட்டைத் திறக்காவிட்டால் உங்களுக்குப் பதில் வேறு ஆள் போடப்படும் என்ற செய்திகள் மாடரேட்டர்களுக்குப் போயின. சில குழுக்கள் திறந்துவிட்டு, நகைச்சுவையாளர் ஜான் ஆலிவரின் படங்களை மட்டும் போடலாம் என்று விதி மாற்றிக்கொண்டன. மாதக் கடைசிக்குள் பெரும்பாலான குழுக்கள் பழையபடி ஓட ஆரம்பித்தன. போராட்டம் தோற்றது. ஆனால் அந்த நான்கு வாரத்தில் ஒரு பெரும் கூட்டம் வேறு இடம் தேடிப் போனது. அவர்களில் பலர் போன இடம் லெம்மி: ரெடிட் போலவே குழுக்களால் ஆனது, ஆனால் ஒரே முதலாளி இல்லாதது.

பார்வையற்றோர் குழு

பலருக்கு இது பழகின ஆப் போகிறதே என்ற வருத்தம். ஆர்/பிளைண்ட் என்ற பார்வையற்றோர் குழுவுக்கு விஷயம் அதோடு நிற்கவில்லை.

பார்வையற்றவர் போனைத் தொடும்போது ஸ்கிரீன் ரீடர் அந்த இடத்தில் இருப்பதைக் குரலில் படிக்கும். ஆப்பை எழுதியவர் பொத்தானுக்குப் பெயர் வைத்திருந்தால் "ஆதரவு வாக்கு", "புகார்", "நீக்கு" என்று கேட்கும். பெயர் வைக்காமல் விட்டிருந்தால் "பட்டன்" என்று மட்டும் கேட்கும். அடுத்ததும் "பட்டன்". எதைத் தட்டினால் என்ன ஆகும் என்று தெரியாமல் ஒரு குழுவை நடத்த முடியுமா? ரெடிட்டின் சொந்த ஆப் இந்த விஷயத்தில் நெடுநாளாகப் பின்தங்கியிருந்தது. அதனால்தான் அவர்கள் வெளி ஆப்களை நம்பியிருந்தார்கள்.

எதிர்ப்பு கிளம்பியதும் ரெட்ரீடர், டிஸ்டோபியா, லூனா ஆகிய ஆப்களுக்கு நிறுவனம் கட்டண விலக்கு கொடுத்தது. படிப்பதற்கு அது உதவியது. ஆனால் அந்தக் குழுவின் மாடரேட்டர்களிலும் பார்வையற்றவர்கள் இருந்தார்கள்; குழுவை நடத்தத் தேவையான கருவிகள் விலக்கு பெற்ற ஆப்களில் போதுமான அளவு இல்லை. பார்வையற்றோருக்கான ஓர் இடத்தைப் பார்வையுள்ளவர்களின் தயவில் நடத்த வேண்டிய நிலை. இதை அவர்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

பிறகு அவர்கள் செய்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். ஆளுக்கொரு பக்கம் போகாமல், மாடரேட்டர் குழுவே சேர்ந்து ஆர்பிளைண்ட் என்ற பெயரில் சொந்த முகவரி வாங்கி ஒரு லெம்மி சர்வரை நிறுவியது. லெம்மி திறந்த மூல மென்பொருள். பொத்தானுக்குப் பெயர் இல்லையென்றால் யாரிடமும் கெஞ்ச வேண்டாம், நிரலில் திருத்தம் எழுதி அனுப்பலாம், அல்லது தங்கள் சர்வரில் மட்டுமாவது மாற்றிக்கொள்ளலாம். ரெடிட் குழுவையும் அவர்கள் மூடவில்லை. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பார்வை போன புதிதில், நடுராத்திரி ஒருவர் இணையத்தில் தேடினால் கண்ணுக்கு முன் வருவது பழைய பெரிய தளம்தான். அந்த வாசலை அடைப்பது அவரைக் கைவிடுவதாகும்.

போய் இறங்கிய இடம்

லெம்மி 2019இல் தொடங்கப்பட்டது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. ரெடிட் போலவே குழு, பதிவு, பின்னூட்டம், வாக்கு எல்லாம் உண்டு. வித்தியாசம், இதற்கு ஒரே முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியில் நிறுவி ஒரு சர்வர் நடத்தலாம். சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இது இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் ஏற்ற தரநிலை. ட்விட்டர் போன்ற மாஸ்டடனும் இதில்தான் ஓடுகிறது. ஒரு சர்வரில் கணக்கு இருந்தால் இன்னொரு சர்வரின் குழுவில் எழுதலாம், ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மெயில் அனுப்புவது போல.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. 2023 ஜூனில் அங்கே போனவருக்கு நேர்ந்தது வேறு. முதல் கேள்வியே எந்த சர்வர் என்பது. ரெடிட்டில் அப்படியொரு கேள்வி கிடையாது என்பதால் பாதிப் பேருக்குத் தலை சுற்றியது. சரி, ஏதோ ஒன்றில் சேர்ந்தாயிற்று. அப்புறம் "தொழில்நுட்பம்" குழுவைத் தேடினால் லெம்மி டாட் எம்எல் என்ற சர்வரில் ஒன்று, பீஹாவில் ஒன்று, லெம்மி டாட் வேர்ல்டில் ஒன்று. எதில் பேச்சு நடக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். சின்ன சர்வரில் சேர்ந்தவருக்கு இதைவிடக் கஷ்டம். லெம்மியில் வெளிக் குழு ஒன்றின் பதிவுகள் உங்கள் சர்வருக்கு வர, அந்த சர்வரில் யாராவது ஒருவர் அந்தக் குழுவில் சேர்ந்திருக்க வேண்டும். முதல் ஆள் நீங்கள் என்றால் குழுவின் முழு முகவரியைத் தேடல் பெட்டியில் ஒட்டி, காத்திருந்து, சேர்ந்து, பிறகு வரும் புதுப் பதிவுகளைத்தான் பார்க்க முடியும். ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு "இங்கே ஆளே இல்லையே" என்று திரும்பியவர்கள் ஏராளம். ஆள் இருந்தார்கள், அந்த சர்வருக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதனால் எல்லோரும் பெரிய சர்வரில் போய்க் குவிந்தார்கள். மாஸ்டடன் சர்வர் ஒன்றை ஏற்கெனவே நடத்திவந்த ஒருவர் ஜூன் தொடக்கத்தில் ஆரம்பித்த லெம்மி டாட் வேர்ல்ட் சில வாரங்களிலேயே மிகப் பெரியதாகிவிட்டது. ஒரே இடத்தில் குவிவது ஆபத்து என்று சொல்லிக் கிளம்பியவர்கள் மறுபடி ஒரே இடத்தில் குவிந்தார்கள். இதில் பயனரைக் குறை சொல்ல மாட்டேன். வழி காட்டும் பலகை இல்லாத ஊரில் எல்லோரும் கூட்டம் இருக்கும் தெருவுக்குத்தான் போவார்கள்.

2010 ஆகஸ்டில் டிக் என்ற தளம் தன் நான்காம் வடிவத்தைக் கொண்டுவந்து பயனர்களை விரட்டியபோது, அவர்கள் போய்ச் சேர ரெடிட் என்ற ஒரே வாசல் இருந்தது. கூட்டம் கலையாமல் போய்ச் சேர்ந்தது. 2023இல் வாசல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இந்த வேறுபாட்டைப் போராட்டத்தை ஒருங்கிணைத்தவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். கடைசி வாரம் வரை எல்லோருடைய கவனமும் ரெடிட்டைப் பணியவைப்பதில் இருந்தது. எங்கே போவது என்ற பேச்சு ஓரமாகத்தான் நடந்தது.

பீஹா கதவைச் சாத்தியது

குடிபெயர்வு உச்சத்தில் இருந்த ஜூன் நடுவில் ஒரு நிகழ்வு பலரை அதிரவைத்தது. பீஹா என்ற சர்வர், லெம்மி டாட் வேர்ல்டோடும் இன்னொரு பெரிய சர்வரோடும் தொடர்பைத் துண்டித்தது. பீஹாவின் குழுக்களில் சேர்ந்திருந்த ஆயிரக்கணக்கானோருக்கு அங்கிருந்து புதிதாக எதுவும் வருவது நின்றுபோனது.

"இதற்கா ரெடிட்டை விட்டு வந்தோம்?" என்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் பீஹாவின் நிலைமையையும் பாருங்கள். அது அன்பான, பாதுகாப்பான ஓர் இடமாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டப்பட்டது. சேர வேண்டுமென்றால் ஏன் வருகிறீர்கள் என்று சில வரி எழுத வேண்டும், ஒரு ஆள் அதைப் படித்து அனுமதிப்பார். எதிர்ப்பு வாக்கு அங்கே கிடையாது. நிர்வகித்தவர்கள் நான்கு பேர். பக்கத்தில் இருந்த இரண்டு பெரிய சர்வர்களிலோ பதிவு எல்லோருக்கும் திறந்து கிடந்தது. தடை செய்தால் ஒரு நிமிடத்தில் புதுக் கணக்கோடு திரும்பி வரலாம். அங்கிருந்து வரும் தொல்லையை நான்கு பேர் கையால் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. வருவதை வடிகட்டவோ பாதித் தொடர்பை மட்டும் வைத்துக்கொள்ளவோ அன்றைய லெம்மியில் வசதி இல்லை. முழுக்கத் திற, இல்லையேல் முழுக்க மூடு.

அவர்கள் மூடினார்கள். அது பரவலாக்கத்தின் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ரெடிட்டின் ஒரு குழு தன் உறுப்பினர்களைக் காக்க இப்படியொரு முடிவை எடுக்கவே முடியாது. தளத்தின் மொத்தக் கூட்டமும் எப்போதும் அதன் வாசலில்தான் நிற்கும். பீஹாவால் முடிந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை தனிமை.

கூலி இல்லாத உழைப்பு

ஜூலை 10 அன்று லெம்மி டாட் வேர்ல்டின் நிர்வாகி ஒருவரின் கணக்கு களவாடப்பட்டது. மென்பொருளில் ஈமோஜி காட்டும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்த ஒருவர், தளத்துக்கு வந்தவர்களை அருவருப்பான பக்கங்களுக்குத் திருப்பிவிட்டார். சில மணி நேரத்தில் ஓட்டை அடைக்கப்பட்டது. அதே வாரங்களில் சர்வரை மூச்சுத்திணற வைக்கும் தாக்குதல்களும் தொடர்ந்து வந்தன. இவற்றையாவது தொழில்நுட்பத்தால் சமாளிக்கலாம்.

ஆகஸ்டில் வந்தது வேறு ரகம். லெம்மி டாட் வேர்ல்டின் ஒரு நகைச்சுவைக் குழுவில் யாரோ குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்களைத் திட்டமிட்டுப் பதிவேற்றினார்கள். ஒரு சர்வரில் விழுந்த படத்தின் நகல் மற்ற சர்வர்களின் வட்டிலும் தானாகச் சேமிக்கப்படுவதுதான் இந்த அமைப்பின் இயல்பு. அதாவது, உலகின் ஏதோ ஒரு மூலையில், வேலை முடிந்து வந்து பொழுதுபோக்காகச் சர்வர் நடத்திக்கொண்டிருந்த ஒருவரின் கணினியில், அவருக்குத் தெரியாமலே சட்டப்படி கடுங்குற்றமான படம் உட்கார்ந்திருக்கிறது. ரெடிட் போன்ற நிறுவனத்துக்கு இதற்கென்று வழக்கறிஞர்கள், சம்பளப் பணியாளர்கள், கருவிகள் இருக்கின்றன. இவர்களுக்கு ஒன்றுமே இல்லை. அந்தக் குழுவைத் தற்காலிகமாக மூடினார்கள். வேறு சிலர் படங்களையே நிறுத்தி வைத்தார்கள். சர்வர் நடத்தும் ஒருவர் அத்தகைய படங்களைக் கண்டுபிடித்து அழிக்கும் கருவி ஒன்றை எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அந்தப் படங்களைக் கண்ணால் பார்த்து நீக்கியவர்களுக்கு என்ன கைம்மாறு செய்துவிட முடியும்? மையமற்ற இணையம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இவர்களைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் ஆதங்கம்.

யார் நிலைத்தார்கள்

2023 கோடைக்குப் பிறகு லெம்மியின் மாதாந்திரப் பயனர் எண்ணிக்கை உச்சத்திலிருந்து இறங்கியது. ஆனால் ஜூனுக்கு முன்பிருந்த நிலைக்கு அது திரும்பவே இல்லை.

தங்கியவர்களைப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரிகிறது. ஸ்டார் டிரெக் ரசிகர்களின் மூன்று ரெடிட் குழுக்களுடைய மாடரேட்டர்கள் கைகோத்துத் தங்களுக்கென்று ஒரு சர்வர் போட்டார்கள். தீவிர விவாதத்துக்கு டேஸ்ட்ராம் இன்ஸ்டிட்யூட், கேலிக்கு ரைசா என்று பழைய பெயர்களை அப்படியே கொண்டுவந்தார்கள். வந்தவருக்கு எந்தத் திண்ணையில் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திருட்டு நகல் பற்றிப் பேசும் ரெடிட் குழுவும் இப்படித்தான்: அதன் தலைமை மாடரேட்டர் நடத்தும் சர்வருக்குப் போய், லெம்மியின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றாகிவிட்டது. அந்தப் பேச்சுப்பொருள் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் குடிபெயர்ந்த விதத்தில் கற்க விஷயம் இருக்கிறது.

விதி எழுதியவர்கள், விதியை மதித்தவர்கள், பழைய வேடிக்கைகள் தெரிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து வந்த இடங்கள் நின்றன. தனித்தனியாக, கோபத்தில் கணக்கு திறந்தவர்கள்தான் பெரும்பாலும் திரும்பிப் போனார்கள். இந்தியாவிலும் இதை முன்பே பார்த்திருக்கிறோம். 2019இல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது நவம்பர் மாதத்தில் ஏராளமான இந்தியர்கள் மாஸ்டடனில் கணக்கு தொடங்கினார்கள். நாட்டின் செய்தித்தாள்கள் எல்லாம் மாஸ்டடன் என்றால் என்ன என்று விளக்கம் எழுதின. அந்த வேகம் தங்கவில்லை. போனவர்கள் தங்கள் வாசகர்களையும் எதிராளிகளையும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். பேச ஆளில்லாத இடத்தில் யார்தான் எத்தனை நாள் இருப்பார்?

முகவரி போனால்

நிலைத்தவர்களுக்கும் ஒரு கவலை பாக்கி இருக்கிறது. இந்த உலகில் உங்கள் பெயரோடு சர்வரின் முகவரியும் ஒட்டிக்கொண்டிருக்கும். சர்வர் போனால் நீங்களும் போனீர்கள். 2023 ஜூலையில் மாலி நாட்டு அரசு அதுவரை இலவசமாகக் கிடைத்துவந்த டாட் எம்எல் முகவரிகளைத் திரும்ப எடுத்தபோது எஃப்எம்எச்ஒய் என்ற லெம்மி சர்வர் ஒரே நாளில் முகவரி இழந்தது. இயந்திரம் ஓடியது, தரவு இருந்தது, ஆனால் மற்ற சர்வர்களுக்கு அது யாரென்றே தெரியவில்லை. லெம்மிக்கு மாற்றாக வந்து பலரும் ஆசையோடு போன கேபின் என்ற தளத்தைப் பெரும்பாலும் ஒரே ஆள் எழுதி நடத்தினார். அவரால் முடியாமல் போனபோது 2024இல் அதுவும் அணைந்தது. மென்பொருளை வேறு சிலர் எம்பின் என்ற பெயரில் தொடர்கிறார்கள். அங்கே எழுதியவர்களின் கணக்குகளை யாராலும் மீட்க முடியவில்லை.

2025 ஜூனில் லெம் டாட் ஈஈ மூடுவதாக அறிவித்தது. மிகப் பெரிய லெம்மி சர்வர்களில் ஒன்று அது, நன்றாகவும் நடத்தப்பட்டது. பணம் தீர்ந்துபோய் மூடவில்லை; நிர்வாகிகள் களைத்துப்போனார்கள், பொறுப்பை ஏற்க ஆள் கிடைக்கவில்லை. அந்த மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்தார்கள். குழுக்களின் மாடரேட்டர்கள் புது முகவரியை மேலே ஒட்டிவைத்துவிட்டு வேறு சர்வர்களுக்குக் கிளம்பினார்கள். 2023 டிசம்பரில் வந்த 0.19 பதிப்பில் யார் எந்தக் குழுக்களில் இருந்தார் என்ற பட்டியலை ஏற்றுமதி செய்யும் வசதி வந்திருந்ததால், பயனர்கள் அதை எடுத்துக்கொண்டு போக முடிந்தது. எழுதிய பதிவுகளைக் கொண்டுபோக வழியில்லை.

ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குழு, வாசகர் வட்டமோ ஊர்க் குழுவோ பார்வையற்றோர் சங்கமோ, இப்படிக் கிளம்ப யோசித்தால் மென்பொருளைப் பற்றிக் கடைசியில் பேசச் சொல்வேன். முதலில், சர்வரின் கடவுச்சொல் தெரிந்தவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் விலகினால் அடுத்தவர் யார் என்று முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். முகவரியைக் காசு கொடுத்து, தனியாள் பெயரில் இல்லாமல் அமைப்பின் பெயரில் வாங்க வேண்டும். பழைய குழுவை ஒரு வருடமாவது திறந்து வைத்து, அங்கே வந்து கேட்பவருக்குப் புது முகவரியைச் சொல்ல ஒரு ஆளைப் போட வேண்டும். யார் யார் எந்த நாளில் குப்பை நீக்குவது என்ற முறைப்பட்டியல் வேண்டும். இதற்கெல்லாம் ஆள் கிடைத்த பிறகு லெம்மியா மாஸ்டடனா என்று உட்கார்ந்து பேசினால் போதும்.